டச்சுக் கவிதைப் பரிசுகள்: வாசகர் கேள்வி – பதில்

2020-இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற நெதர்லாந்து எழுத்தாளர் மரீகே லூகாஸ் ரெய்னவெல்ட், நாவலுக்கு முன்பே கவிதைக்குப் பரிசு வாங்கியவர் என்று இந்தப் பகுதியில் குறிப்பிட்டிருந்தோம். அதைத் தொட்டு வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: ரெய்னவெல்ட் பெற்ற அந்தக் கவிதைப் பரிசு எது? டச்சு மொழியில் கவிதைக்கு இருக்கும் பரிசுகளில் எது பெரியது? – மதுரை வாசகர்

அவர் பெற்றது புடிங் பரிசு. டச்சு மொழியில் வெளிவரும் முதல் கவிதைத் தொகுப்புகளுக்கு மட்டும் தரப்படுவது. 1988 முதல் ராட்டர்டாம் நகரின் பொயட்ரி இன்டர்நேஷனல் விழாவில் வழங்கப்பட்டுவருகிறது. டோர்ட்ரெக்ட் ஊர்க் கவிஞர் கேஸ் புடிங்கின் நினைவாக வைத்த பெயர். ரெய்னவெல்டுக்கு 2016-இல் கிடைத்தது. பரிசுத் தொகை 1,200 யூரோதான். ஆனால் இளம் கவிஞர்கள் இதைக் குறைவாக நினைப்பதில்லை. அன்னா என்குவிஸ்ட் 1992-இலும், இல்யா லெயோனார்ட் ஃபெய்ஃபர் 1999-இலும், லீகே மார்ஸ்மன் 2011-இலும் இதைப் பெற்றுத்தான் கவனத்துக்கு வந்தார்கள்.

எது பெரியது என்று கேட்டால், எதற்குத் தரும் பரிசு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது. வாழ்நாள் முழுதும் எழுதியதற்குத் தருவது ஒரு வகை: பி.சி. ஹோஃப்ட் பரிசு (60,000 யூரோ), கான்ஸ்டன்டெய்ன் ஹெய்கன்ஸ் பரிசு, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை மொழி முழுமைக்குமாகத் தரப்படும் டச்சு இலக்கியப் பரிசு ஆகியவை. ஓராண்டில் வந்த ஒரு தொகுப்புக்குத் தருவது இன்னொரு வகை: 25,000 யூரோ கொண்ட ‘க்ரோட்ட பொயெஸீபிரெய்ஸ்’, அதாவது பெருங்கவிதைப் பரிசு, தி ஹேக் நகரின் யான் காம்பர்ட் பரிசு, பெல்ஜியத்தின் ஹெர்மன் தே கோனிங்க் பரிசு, விமர்சகர்கள் தேர்ந்தெடுக்கும் அவாட்டர் பரிசு. இவற்றோடு முதல் தொகுப்புக்குப் புடிங், இரண்டாம் தொகுப்புக்கு பூளூம் பரிசு. கடைசியாக, ஒற்றைக் கவிதைக்கான போட்டிகள்.

பத்திரிகைச் செய்திகள் இவற்றையெல்லாம் ‘கவிதைப் பரிசு’ என்று ஒரே பெயரில் எழுதிவிடுவதால்தான் குழப்பம். ஒரே கவிஞர் மூன்று படிகளையும் ஏறியதற்கு டொனஸ் ஓஸ்டர்ஹோஃப் நல்ல உதாரணம். 1990-இல் முதல் தொகுப்புக்குப் புடிங், 2003-இல் ஓராண்டின் சிறந்த தொகுப்பு என்று வி.எஸ்.பி. பரிசு (பெருங்கவிதைப் பரிசுக்கு முன்பிருந்தது), 2012-இல் மொத்தப் பணிக்கு ஹோஃப்ட். இடையில் 22 ஆண்டுகள்.

கேள்வி: ஹோஃப்ட் பரிசுக்கு யார் விண்ணப்பிக்கலாம்? கவிதைக்கு ஆண்டுதோறும் உண்டா? – கோவை வாசகி

யாரும் விண்ணப்பிக்க முடியாது. பதிப்பாளரும் புத்தகம் அனுப்பத் தேவையில்லை. நடுவர் குழு தானே கூடித் தானே முடிவு செய்யும். கவிதைக்கு ஆண்டுதோறும் கிடையாது. புனைகதை, கட்டுரை, கவிதை என்று சுற்றில் வரும். எனவே கவிஞர்களுக்கு மூன்று ஆண்டுக்கு ஒருமுறைதான் வாய்ப்பு: 2012-இல் ஓஸ்டர்ஹோஃப், 2015-இல் அன்னேகே பிராசிங்கா, 2018-இல் நாஹூம் வெய்ன்பெர்க், 2021-இல் ஆல்ஃப்ரெட் ஷாஃபர். இந்தக் கணக்கு தெரியாமல், “இந்த ஆண்டு கவிஞர்களைப் புறக்கணித்துவிட்டார்கள்” என்று எழுதுகிறவர்கள் உண்டு.

பீட்டர் கார்னலிஸ்சோன் ஹோஃப்ட் 17-ஆம் நூற்றாண்டுக் கவிஞர், நாடக ஆசிரியர், வரலாற்று ஆசிரியர். அவர் இறந்த 300-ஆம் ஆண்டை ஒட்டி 1947-இல் நிறுவப்பட்டது பரிசு. அவருடைய நினைவு நாள் மே 21 என்பதால் விழாவும் மே மாதத்தில்.

வாழ்நாள் பணி என்றால் அலமாரி நிறைய எழுதியிருக்க வேண்டும் என்றில்லை. 1982-இல் பெற்ற வாசாலிஸ், அதுவரை வெளியிட்டவை மூன்றே மெல்லிய தொகுப்புகள்: 1940, 1947, 1954. தொழிலால் மனநல மருத்துவர். கடைசித் தொகுப்பு வந்து 28 ஆண்டுகள் கழித்துப் பரிசு! நடுவர்கள் செய்த நல்ல காரியங்களில் இதை முன்வரிசையில் வைக்கலாம்.

கேள்வி: அரசு தரும் பணம் என்றால் அரசு மூக்கை நுழைக்காதா? – திருநெல்வேலி வாசகர்

நுழைத்தது. அதனால் அந்தப் பரிசின் அமைப்பே மாறியது.

ஹோஃப்ட் பரிசு தொடக்கத்தில் நேரடி அரசுப் பரிசு. நடுவர்கள் பெயரைப் பரிந்துரைப்பார்கள், அமைச்சர் அறிவிப்பார். 1984-ஆம் ஆண்டுக்கான கட்டுரைப் பரிசுக்கு ஹூகோ பிரான்ட் கோர்ஸ்டியஸ் பெயரை நடுவர்கள் கொடுத்தார்கள். பல புனைபெயர்களில் எழுதியவர், ஆட்சியாளர்களைக் கடுமையாகத் தாக்கிப் பத்தி எழுதியவர். பண்பாட்டு அமைச்சர் எல்கோ பிரிங்க்மன் ஒப்புதல் தர மறுத்தார். புண்படுத்துவதையே கருவியாகக் கொண்ட எழுத்துக்கு அரசு விருது தரக்கூடாது என்பது அவர் வாதம்.

எழுத்துலகம் கொதித்தது. 1985, 1986 இரண்டு ஆண்டும் பரிசே இல்லை. பிறகு தனி அறக்கட்டளை அமைத்து, முடிவெடுக்கும் அதிகாரத்தை அமைச்சரிடமிருந்து எடுத்து அதனிடம் கொடுத்தார்கள். அந்த அறக்கட்டளை 1987-இல் யாருக்குக் கொடுத்தது என்று நினைக்கிறீர்கள்? அதே பிரான்ட் கோர்ஸ்டியஸுக்கு.

பரிசு மேடையில் கவிஞர்கள் செய்த குறும்புகளும் உண்டு. 1954-இல் ஆம்ஸ்டர்டாம் நகரின் கவிதைப் பரிசை வாங்க லூசெபர்ட் பேரரசர் வேடத்தில், பரிவாரத்தோடு ஸ்டெடலிக் அருங்காட்சியகத்துக்கு வந்தார். போலீஸ் உள்ளே விடவில்லை. அதே லூசெபர்ட் 1967-இல் ஹோஃப்ட் பரிசையும், 1983-இல் டச்சு இலக்கியப் பரிசையும் பெற்றார்.

கேள்வி: வி.எஸ்.பி. பரிசு என்று பழைய கட்டுரைகளில் படிக்கிறேன்; இப்போது அந்தப் பெயரே காணோமே? – சென்னை வாசகர்

புரவலர் விலகினார், பரிசு நின்றது. 1994-இல் பெல்ஜியக் கவிஞர் ஹூகோ கிளாஸில் தொடங்கி 2018 வரை நடந்தது. வி.எஸ்.பி. நிதியம் என்பது வங்கி ஒன்றின் வழிவந்த அறக்கட்டளை. அது கையை எடுத்துக்கொண்டதும், பொயட்ரி இன்டர்நேஷனல் உள்ளிட்ட கவிதை அமைப்புகள் சேர்ந்து 2019-இல் பெருங்கவிதைப் பரிசைத் தொடங்கின. தொகை அதே 25,000 யூரோ. பழைய பட்டியலையும் புதியதையும் ஒரே தொடராக வைத்துப் படிப்பதில் தவறில்லை.

அப்படிப் படித்தால் ஒன்று கண்ணில் படும். 2017-இல் ஹன்னா ஃபான் பின்ஸ்பெர்கன், 23 வயது. 2018-இல் புத்தகக் கடை ஊழியராக இருந்த யோஸ்ட் பார்ஸ். 2019-இல் ராட்னா ஃபாபியாஸ். மூவரும் பெற்றது முதல் தொகுப்புக்கு! கிளாஸ், கௌவனார் போன்ற மூத்தவர்களின் பெயர்களோடு தொடங்கிய பட்டியலின் வால் இப்படி முடிந்து, புதியதன் தலையும் அப்படியே தொடங்கியது. புதிய குரல்களுக்குக் கதவு திறந்தது என்று சொன்னவர்களும் உண்டு. ஆறாவது ஏழாவது தொகுப்பில் உச்சத்தைத் தொடும் கவிஞரை யார் பார்ப்பார்கள் என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. இரண்டாவது கட்சியில் நியாயம் இருக்கிறது. முதல் தொகுப்புக்கென்றே தனிப் பரிசு இருக்கும்போது ஆண்டுப் பரிசும் அங்கேயே போனால் நடுவயதுக் கவிஞர் நடுத்தெருவில்தான்.

ஆனால் ஃபாபியாஸ் விஷயத்தில் யாரும் வாய் திறக்க முடியவில்லை. கரீபியக் கடலில் உள்ள குராசோ தீவில் வளர்ந்தவர். ‘ஹாபிடஸ்’ என்ற அந்த ஒரே தொகுப்பு 2018-இல் புடிங், அவாட்டர் பரிசுகளையும், 2019-இல் ஹெர்மன் தே கோனிங்க், பெருங்கவிதைப் பரிசுகளையும் வாரிக்கொண்டது. வெவ்வேறு நடுவர் குழுக்கள், இரண்டு நாடுகள், ஒரே முடிவு.

கேள்வி: என் மகளுக்கு 16 வயது. இங்கே பிறந்தவள், டச்சிலேயே கவிதை எழுதுகிறாள். இந்தப் பரிசுகளில் எதற்காவது அனுப்பலாமா? – உட்ரெக்டிலிருந்து ஒரு தாய்

மேலே பெயர் சொன்ன பரிசுகளில் எதற்கும் இப்போது முடியாது. எல்லாம் அச்சில் வந்த தொகுப்புக்கோ முழு வாழ்வின் பணிக்கோ உரியவை. ஆனால் அவள் வயதுக்கென்றே ‘டூ மார் டிக்ட் மார்’ என்ற போட்டி இருக்கிறது. 12 முதல் 18 வயது வரையிலானவர்களுக்கு. நெதர்லாந்தும் பெல்ஜியத்தில் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்ஸும் சேர்ந்தது. தேர்ந்தெடுத்த கவிதைகள் தொகுப்பாக அச்சேறும். தம்பியோ தங்கையோ இருந்தால், 6 முதல் 12 வயது வரையிலானவர்களுக்கு ‘கிண்டரன் என் பொயெஸீ’. இரண்டையும் நடத்துவது பொயெஸீபலெய்ஸ் என்ற அமைப்பு. பள்ளியின் டச்சு ஆசிரியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வகுப்பாகச் சேர்ந்து அனுப்பும் வழக்கம் இருப்பதால் அவருக்குத் தெரிந்திருக்கும். கொஞ்சம் பெரியவளானதும், 15 முதல் 24 வயதுக்காரர்களுக்கான ‘ரைட் நவ்’ எழுத்துப் போட்டியையும் பார்க்கலாம். அதில் கவிதை, கதை இரண்டும் போகும்.

அனுப்பும்போது பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்களைச் சொல்கிறோம். பெயர் மறைத்துப் படிக்கும் போட்டிகளில் கவிதைத் தாளிலேயே பெயரை எழுதிவிடுவது. கோப்பின் பெயரில் சொந்தப் பெயர் இருப்பதும் இதில் சேரும். ஏற்கெனவே இன்ஸ்டாகிராமில் போட்டதை ‘வெளிவராதது’ என்று அனுப்புவது. விதியில் மூன்று கவிதை என்றிருந்தால் ஐந்தை அனுப்பி, நல்லதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்பது. அடுத்து, வரி வடிவம்: நீண்ட வரிகள் இணையப் படிவத்தில் ஒட்டும்போது தாமாக உடைந்துவிடும். கவிதையில் அது ஓர் எழுத்துப்பிழையைவிட மோசம். பி.டி.எஃப். கேட்டிருந்தால் பி.டி.எஃப். மட்டும்; வேர்ட் கோப்பு கேட்டிருந்தால் எழுத்துருவைச் சாதாரணமாக வைத்து, அனுப்புவதற்கு முன் வேறொரு கணினியில் திறந்து பாருங்கள்.

நுழைவுக் கட்டணம் கேட்டு, ‘தேர்வான அனைவரின் கவிதையும் நூலில் வரும், நூலை மட்டும் விலைக்கு வாங்க வேண்டும்’ என்று கடிதம் வந்தால் விட்டுவிடுங்கள். அங்கே அனுப்பிய எல்லாருமே தேர்வாகியிருப்பார்கள்.

பெரியவர்களுக்கும் ஒற்றைக் கவிதைப் போட்டி உண்டு. துரிங் அறக்கட்டளையின் பணத்தில் 2009-இல் தொடங்கிய தேசியக் கவிதைப் போட்டியில் முதல் பரிசே 10,000 யூரோவாக இருந்தது. ஆயிரக்கணக்கில் குவிந்த கவிதைகளைப் பெயர் நீக்கித்தான் நடுவர்களிடம் கொடுத்தார்கள். சிறந்த 100 கவிதைகள் நூலாயின. புகழ்பெற்ற கவிஞரும் புத்தகமே இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்றது அதன் அழகு. போட்டிகளின் பெயரும் புரவலரும் மாறிக்கொண்டே இருப்பதால் அந்தந்த ஆண்டு அறிவிப்பைத் தேடிப் பாருங்கள்.

மேடை பிடிக்கும் பெண் என்றால் ஸ்லாம், அதாவது மேடையில் கவிதை சொல்லிப் போட்டியிடுவது. உட்ரெக்ட்டில் நடக்கும் தேசியக் கவிதை ஸ்லாம் போட்டி 2002-இல் தொடங்கியது. எலன் டெக்விட்ஸ் 2009-இல் அங்கே வென்று, 2012-இல் புடிங் பரிசுக்கு வந்து சேர்ந்தார். உங்கள் ஊர்தான், ஒருமுறை பார்வையாளராக அழைத்துப் போய்வாருங்கள்.

கேள்வி: நான் டென் ஹெல்டரில் இருக்கிறேன். ஒரு தொகுப்புக்கான கவிதைகள் கைவசம் உள்ளன. சொந்தச் செலவில் அச்சிட்டுப் புடிங் பரிசுக்கு அனுப்பலாமா?

வேண்டாம். தொகுப்புப் பரிசுகளுக்குப் புத்தகத்தை அனுப்புகிறவர் பதிப்பாளர், கவிஞர் அல்ல. எழுத்தாளரே பணம் கட்டி அச்சிட்டவற்றைப் பெரும்பாலான விதிமுறைகள் வெளியே நிறுத்திவிடும். அதைவிட முக்கியமான ஆபத்து ஒன்று: முதல் தொகுப்பு என்பது ஒருமுறைதான். அவசரத்தில் அச்சிட்ட சிறு நூல் ஒன்று பதிவில் இருந்தால், பின்னால் நல்ல பதிப்பகத்தில் வரும் நூலை ‘முதல் தொகுப்பு’ என்று ஏற்பதில் சிக்கல் வரலாம்.

அங்கே நடைமுறை இது. முதலில் இதழ்கள். 1837 முதல் வரும் ‘தே கிட்ஸ்’, ‘தே ரெவிசோர்’, ‘டிராடே’, பெல்ஜியத்தின் ‘ஹெட் லீகெண்ட் கொனெய்ன்’ (பொய் சொல்லும் முயல் என்று பெயர், அச்சில் வராத டச்சுக் கவிதைகளை மட்டுமே போடும் இதழ்). ஐந்திலிருந்து பத்துக் கவிதை, நான்கு வரியில் தன்னறிமுகம், அதற்கு மேல் வேண்டாம். பதிலுக்கு மாதக்கணக்கில் ஆகும். ஒரே கவிதையை இரண்டு இதழுக்கு ஒரே நேரத்தில் அனுப்பினால் இரண்டு இடத்திலும் பெயர் கெடும். மூன்று நான்கு இதழ்களில் வந்தபின் கவிதை வெளியிடும் பதிப்பகத்தின் ஆசிரியருக்கு எழுதுங்கள். பல சமயம் இதழில் படித்துவிட்டு அவர்களே எழுதுவார்கள். பிறகு அந்த ஆசிரியரோடு உட்கார்ந்து பாதிக் கவிதைகளை வெளியே எடுக்கும் வேலை. தொகுப்பு பலமாவது அங்கேதான்.

ஒப்பந்தம் கையெழுத்தாகும்போது, எந்தெந்தப் பரிசுக்கு அனுப்புவீர்கள் என்று பதிப்பகத்திடம் கேட்டு எழுதி வாங்குங்கள். சிறிய பதிப்பகங்களில் இறுதி நாள் கைநழுவிப் போவது சகஜம். வெளிவரும் மாதத்தையும் கவனியுங்கள். ஒவ்வொரு பரிசுக்கும் ‘இந்தத் தேதியிலிருந்து இந்தத் தேதிக்குள் வெளிவந்தவை’ என்று ஒரு வரம்பு இருக்கும். பல பரிசுகளில் அது சனவரி–டிசம்பராக இருக்காது. முழுத் தொகுதி, தேர்ந்தெடுத்த கவிதைகள், மொழிபெயர்ப்பு, பலர் எழுதியது ஆகியவை தொகுப்புப் பரிசில் பொதுவாகச் சேராது.

முதல் தொகுப்பில் பரிசு கிடைக்காவிட்டால் பூளூம் பரிசை நினைவில் வையுங்கள். ஈராண்டுக்கு ஒருமுறை, இரண்டாம் தொகுப்புக்கு மட்டும். முதல் தொகுப்புக்குக் கிடைக்கும் ஆரவாரத்தில் பாதிகூட இரண்டாவதுக்குக் கிடைக்காது. அந்தப் பள்ளத்தைப் பார்த்து ஏற்படுத்திய பரிசு என்பதால் எங்களுக்கு அதன்மீது தனி மதிப்பு.

கேள்வி: யான் காம்பர்ட் யார்? – யாழ்ப்பாணம் வாசகர்

ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்துக் கவிஞர், பத்திரிகையாளர். மரண தண்டனை பெற்ற 18 பேரைப் பற்றி அவர் எழுதிய ‘18 இறந்தவர்கள்’ என்ற கவிதை ரகசியமாகக் கைமாறியது. அவர் 1943 சனவரியில் நொயெங்கமெ வதைமுகாமில் இறந்தார். அதே ஆண்டு அந்தக் கவிதை ஒற்றைத் தாளாக அச்சிடப்பட்டு, விற்ற பணம் யூதக் குழந்தைகளை ஒளித்துவைத்துக் காக்கச் செலவானது. இன்று ஆம்ஸ்டர்டாமின் பெரிய இலக்கியப் பதிப்பகங்களில் ஒன்றான ‘தே பெசிக பெய்’ தொடங்கியது அந்தத் தாளில்தான். போருக்குப் பின் தி ஹேக் நகராட்சியின் ஆதரவோடு அவர் பெயரில் அறக்கட்டளை எழுந்தது. கவிதைத் தொகுப்புக்கான யான் காம்பர்ட் பரிசையும், வாழ்நாள் பணிக்கான ஹெய்கன்ஸ் பரிசையும் தருவது அதுதான். மகன் ரெம்கோ காம்பர்ட்டும் கவிஞர். 1976-இல் ஹோஃப்ட், 2015-இல் டச்சு இலக்கியப் பரிசு.

கேள்வி: பெல்ஜியக் கவிஞர்கள், சூரினாம் கவிஞர்கள் நெதர்லாந்துப் பரிசுகளைப் பெறலாமா? – பாரிஸ் வாசகர்

பெரும்பாலானவற்றில் மொழிதான் எல்லை, கடவுச்சீட்டு அல்ல. ஃபிளாண்டர்ஸைச் சேர்ந்த லெயோனார்ட் நோலன்ஸ் 2008-இல் வி.எஸ்.பி. பரிசு பெற்றார். மொராக்கோவில் பிறந்த முஸ்தஃபா ஸ்டிட்டூ 2004-இல். 2014-இல் பெற்ற ஆன்டுவான் தே கோம், தென் அமெரிக்காவில் டச்சுக் காலனியாக இருந்த சூரினாமின் காலனி எதிர்ப்புப் போராளி ஆன்டன் தே கோமின் பேரன். ஹோஃப்ட் பரிசை 1990-இல் பெற்று அதே ஆண்டு மறைந்த ஹன்ஸ் ஃபாவரே பிறந்தது சூரினாமின் தலைநகர் பரமாரிபோவில். மொழி எல்லையையே தாண்டியவரும் உண்டு. எலிசபெத் எய்பர்ஸ் தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்து 1961 முதல் ஆம்ஸ்டர்டாமில் வாழ்ந்தவர், எழுதியது ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில். அவருக்கு 1978-இல் ஹெய்கன்ஸ், 1991-இல் ஹோஃப்ட் இரண்டும் கிடைத்தன.

மூன்று நாட்டுக்கும் பொதுவானது டச்சு இலக்கியப் பரிசு. 1956-இல் தொடங்கியது. இப்போது நடத்துவது தால்யூனி என்ற மொழி ஒன்றியம். நெதர்லாந்தும் ஃபிளாண்டர்ஸும் உறுப்பினர்கள், சூரினாம் இணை உறுப்பினர். நெதர்லாந்து அரசரும் பெல்ஜிய அரசரும் மாறி மாறி வழங்குவது மரபு. கவிஞர்களில் கௌவனார் (1989), கிறிஸ்டீன் தேஹான் (1992), நோலன்ஸ் (2012), யூடித் ஹெர்ட்ஸ்பெர்க் (2018) பெற்றிருக்கிறார்கள்.

இந்தப் பரிசின் தொகை உயர்ந்த கதை சுவையானது. 2007-இல் நாவலாசிரியர் யரூன் ப்ரௌவர்ஸுக்கு அறிவித்தார்கள். மொழியின் உச்சப் பரிசுக்கு 16,000 யூரோவா என்று அவமானமாக எடுத்துக்கொண்டு மறுத்துவிட்டார். பின்னர் தொகை 40,000 ஆனது. அவருக்கு அதில் ஒரு காசும் வரவில்லை! 2021-இல் அஸ்ட்ரிட் ரூமர் தேர்வானார், சூரினாமில் பிறந்த முதல் வெற்றியாளர். சூரினாமின் முன்னாள் ஆட்சியாளர் தேசி பௌடர்சேயைப் பற்றி அவர் சொன்ன கருத்துகள் சர்ச்சையாகி, அரசர் முன்னிலையில் நடக்க வேண்டிய விழா கைவிடப்பட்டது. பரிசு அவருடையதாகவே இருந்தது.

கேள்வி: நெதர்லாந்தின் ஃபிரீசிய மொழிக் கவிதைகளுக்கு? – திருச்சி வாசகர்

டச்சுப் பரிசுகளில் இல்லை. ஃபிரீஸ்லாந்து மாகாணத்தின் கீஸ்பர்ட் யாப்பிக்ஸ் பரிசு 1947 முதல் இருக்கிறது.

கேள்வி: ‘தேசக் கவிஞர்’ என்பதும் பரிசா? – சிங்கப்பூர் வாசகி

பதவி. ‘டிக்டர் டெஸ் ஃபாடர்லான்ட்ஸ்’ என்று 2000-இல் தொடங்கினார்கள். நாட்டு நிகழ்வுகளை ஒட்டிக் கவிதை எழுதுவதும், கவிதைக்காக ஊர் ஊராகப் போவதும் வேலை. முதலில் பொதுமக்கள் வாக்கு. அதிக வாக்கு பெற்ற ரட்கர் கோப்லான்ட் வேண்டாம் என்றார். இரண்டாம் இடத்திலிருந்த கெரிட் கோம்ரெய் ஏற்றார். 2005-இல் டிரீக் ஃபான் விஸன் தேர்தலில் நிற்பவர்போலத் தனக்குத் தானே பிரசாரம் செய்து வென்றுவிட்டார். பிறகு வாக்குமுறைக்கு முழுக்குப் போட்டு, குழு நியமிக்கும் முறைக்கு மாறினார்கள். லீகே மார்ஸ்மன் 2021-இலும் பாப்ஸ் கோன்ஸ் 2023-இலும் பொறுப்பேற்றது அந்த வழியில். பெல்ஜியத்தில் 2014 முதல் டச்சு மொழியில் எழுதுபவரும் பிரெஞ்சில் எழுதுபவரும் பெரும்பாலும் மாறி மாறி வருகிறார்கள்.

கேள்வி: பரிசு பெற்ற ஒரு டச்சுத் தொகுப்பைத் தமிழில் வெளியிட விரும்புகிறோம். உதவித்தொகை உண்டு என்கிறார்களே? – சிறு பதிப்பாளர், சென்னை

உண்டு. முதலில் கவிஞர் எந்தப் பக்கம் என்று பாருங்கள். நெதர்லாந்து என்றால் ஆம்ஸ்டர்டாமில் உள்ள நெதர்லாந்து இலக்கிய நிதியம். ஃபிளாண்டர்ஸ் என்றால் ஆன்ட்வெர்ப்பில் உள்ள ‘லிட்டரேட்டூர் ஃபிளாண்டரன்’. பதிப்பகம் எங்கிருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள். நோலன்ஸின் நூல்கள் ஆம்ஸ்டர்டாமில் அச்சானவை, ஆனால் அவர் ஃபிளாண்டர்ஸ் கவிஞர்.

விண்ணப்பிப்பவர் மொழிபெயர்ப்பாளர் அல்ல, பதிப்பாளராகிய நீங்கள். மூலப் பதிப்பகத்தின் உரிமைப் பிரிவுக்கு எழுதி ஒப்பந்தம் போடுங்கள். மொழிபெயர்ப்பாளரோடு தனி ஒப்பந்தம் வேண்டும். அதில் கூலி தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் உதவி கணக்கிடப்படுவது அதை வைத்துத்தான். அந்த மொழிபெயர்ப்பாளர் நிதியத்துக்குப் புதியவர் என்றால் மாதிரி மொழிபெயர்ப்பை மதிப்பீட்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். கவிதைக்கு எட்டுப் பத்துக் கவிதைகளை, வெவ்வேறு வகையில், கடினமானவற்றையும் சேர்த்து அனுப்புவது நல்லது. அடுத்து அச்சுத் தேதி, பிரதிகளின் எண்ணிக்கை, விலை ஆகியவற்றோடு விண்ணப்பம். பணம் பெரும்பாலும் நூல் வெளிவந்து பிரதிகள் போய்ச் சேர்ந்த பிறகு. நூலில் நிதியத்தின் பெயரைக் குறிப்பிட வேண்டும்.

கெட்டுப்போவது மூன்று இடத்தில். நூலை அச்சிட்டுவிட்டு விண்ணப்பிப்பது. உரிமையை மின்னஞ்சல் ஒப்புதலோடு விட்டு, கையெழுத்திட்ட ஒப்பந்தம் இல்லாமல் போவது. ஆங்கில வழி மொழிபெயர்ப்பு. கடைசியதுதான் தமிழில் பெரிய தடை. நிதியங்கள் மூலத்திலிருந்து நேரடியாகச் செய்வதையே விரும்பும். டச்சு தெரிந்த தமிழர் நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் இருக்கிறார்கள். கவிதை காது உள்ள ஒருவரை அவர்களில் தேடிப் பிடித்து, இங்குள்ள கவிஞர் ஒருவரோடு இணைத்து உட்காரவைப்பதே நடக்கக்கூடிய வழி. கணக்கை முன்கூட்டியே பேசி, இருவர் பெயரையும் ஒப்பந்தத்தில் எழுதுங்கள்.

கேள்வி: பரிசு கிடைத்தால் விற்பனை ஏறுமா? – சேலம் வாசகர்

நாவலைப்போல ஏறாது. 50,000 யூரோ லிப்ரிஸ் பரிசு நாவலுக்கானது. அதை வென்ற புத்தகம் கடை வாசலில் அடுக்கப்படும். கவிதைத் தொகுப்புகள் அங்கும் நூற்றுக்கணக்கில் விற்பவைதான். பெரிய பரிசுக்குப் பின் மறுபதிப்பு வரும், வாசிப்பு மேடைகளுக்கு அழைப்பு வரும். பல கவிஞர்களுக்கு நிலையான வருமானம் அந்த மேடைகளில்தான். ரெய்னவெல்ட் போல நாவலுக்குப் போய் உலகப் புகழ் பெறுவதும், ஃபெய்ஃபர் போல 2014-இல் லிப்ரிஸையும் 2016-இல் வி.எஸ்.பி.யையும் இரண்டு கையிலும் வைத்திருப்பதும் அபூர்வம்.

கேள்வி: டச்சு தெரியாத நான் எங்கிருந்து தொடங்குவது? – புதுச்சேரி வாசகி

வென்றவர்களை மட்டும் தேடாமல் இறுதிப் பட்டியலைப் படியுங்கள். வி.எஸ்.பி. காலத்தில் ஆண்டுக்கு ஐந்து தொகுப்புகள் இறுதிக்கு வந்தன. நடுவர்கள் சமரசமாகத் தேர்ந்தது வென்றிருக்கலாம். ஒருவரேனும் உயிரைக் கொடுத்து வாதாடிய தொகுப்பு பட்டியலில் தங்கியிருக்கும். நடுவர் அறிக்கைகளை வெளியிடுவது அங்கே வழக்கம். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாலும் ஓரளவு புரியும். கவிதைகளை அப்படிப் போட்டுப் படிக்காதீர்கள்.

கவிதைக்குப் பொயட்ரி இன்டர்நேஷனலின் இணையக் காப்பகம். டச்சு மூலமும் ஆங்கில மொழிபெயர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். ஹெர்ட்ஸ்பெர்க், ஃபாவரே, கௌவனார் மூவரில் தொடங்கலாம். ஹெர்ட்ஸ்பெர்க் பேச்சு மொழியில் எழுதுகிறவர் என்பதால் மொழிபெயர்ப்பிலும் நிற்பார். ஃபாவரே பொறுமை கேட்பார். அதே காப்பகத்தில் இந்தியப் பகுதியில் சல்மா, குட்டி ரேவதி ஆகியோரின் தமிழ்க் கவிதைகளும் உண்டு.

சனவரி கடைசியில் அந்தப் பக்கம் பயணம் அமைந்தால், மாதத்தின் கடைசி வியாழன் கவிதை நாள். அன்று தொடங்கிக் கவிதை வாரம். அந்த வாரத்தில் புத்தகக் கடையில் குறிப்பிட்ட தொகைக்கு (பல ஆண்டுகள் 12.50 யூரோவாக இருந்தது) கவிதை நூல் வாங்கினால், அந்த ஆண்டுக்கென்றே ஒரு கவிஞர் எழுதிய சிறு தொகுப்பு இலவசம். கென்ட் நகரத்துக்குப் போனால் வெள்ளிக்கிழமைச் சந்தைச் சதுக்கத்தில் உள்ள கவிதை மையத்தின் கடையைக் கேளுங்கள். கவிதை நூல்களுக்கென்றே உள்ள கடை அது.